பலகைக்கு ஒரு துண்டு

மீன வாங்கி, அறுத்து, மசாலா தடவி, சட்டியில பொரிச்சுத் திங்கிறவங்க உலகம் பூரா இருக்காங்க, அவங்கள நான் குத்தம் சொல்லல, அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆனா மரப்பலகையில மீன வச்சுக் கங்குல வேகவிட்டு, பலகை ஒரு துண்டத் தின்ன பொறவு மிச்சத்தத் தான் தின்னு, அதையும் வெக்கப்படாம வெளியூர்க்காரங்ககிட்ட சொல்லிக்கிட்டுத் திரியிற தெரு, எங்க சிப்பிவிளை மேலத்தெரு ஒன்னுதான். நான் பிரகாசி. இருபத்தஞ்சு வருஷமா தலையில கூடை வச்சு மீன் விக்கிறவ. "பிரகாசி பொய் சொல்லுவா, ஆனா மீன் விஷயத்துல சொல்ல மாட்டா"ன்னு எங்கிட்ட மீன் வாங்குறவங்க சொல்லுவாங்க, அது நெசம். இது மீன் விஷயம்.

பலகை செஞ்சவ அமலோற்பவம், எங்க ஊரு ஓடாவி லாசரோட ஒரே மக. ஓடாவின்னா வள்ளம் கட்டுறவரு. மரத்த அறுத்து, அனல் காட்டி வளைச்சு, ஆணி அடிச்சு, ஆளக் கொல்லாத மாதிரி கடல்ல மிதக்கப் பண்ணுறவரு. அவருக்கு ஆம்பளப் பிள்ளை இல்ல, அதனால ரம்பத்தோட மறுதலைய இவதான் பிடிச்சா, அஞ்சாங்கிளாஸோட பள்ளிக்கூடம் போச்சு, பத்து விரலும் காய்ச்சுப் போச்சு. பொண்ணு பாக்க வந்த ஒருத்தன் அவ கையப் பாத்துட்டு, "என்ன இது, பொண்ணு கை மாதிரியே இல்லியே"ன்னான், "எங்க, உங்க கையக் காட்டுங்க, அது ஆம்பள கை மாதிரி இருக்கான்னு பாப்போம்"னு இவ கேட்டா, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. அப்பன் செத்து பத்து வருஷம் ஆச்சு. இப்ப அவளுக்கு நாப்பத்திரெண்டு வயசு, ஒத்தையாத்தான் இருக்கா, எங்க தெருவுல எந்தக் கதவு இறங்கினாலும் எந்தக் கட்டில் ஆடினாலும் இழைப்புளியோட வந்து நிப்பா.

லாசர் கட்டின கடைசிப் பெரிய வள்ளம் சலேத் மாதா. அது கஸ்பார் சம்மாட்டியோடது. நாலு வள்ளத்துக்குச் சொந்தக்காரரு அவரு, எங்க தெரு ஆம்பளைங்க பாதிப் பேரு அவருகிட்டத்தான் தொழிலுக்குப் போறாங்க, அதனால அவரு தும்மினா நாங்க "மாதாவே"ன்னு சொல்லுற வழக்கம். இருபத்திரெண்டு வருஷம் ஓடின அந்த வள்ளம் ஒரு ஆடிக் காத்துல கடலுக்குள்ள இருக்கிற பாறையில மோதி, விலாவெல்லாம் பொளந்து, கரைக்கு இழுத்துட்டு வந்து போட்டப்ப சம்மாட்டி ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு. "விறகுக்குத்தான் ஆகும். வேணுங்கிறவங்க எடுத்துட்டுப் போங்க"ன்னு ஊரு பாக்கச் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. யாரும் எடுக்கல. சுறா எண்ணெய் குடிச்ச மரம், அடுப்புல வச்சா வீடே நாறும். அமலோற்பவம் மட்டும் மூணு தடவ வண்டி அடிச்சு, ஒரு சிராய் விடாம வீட்டு முத்தத்துல கொண்டுபோய்ச் சேத்தா.

ஓடாவிங்களுக்கு ஒரு மத்தியானச் சாப்பாடு உண்டு. வேல செய்யிற எடத்துல சட்டிக்கு எங்க போறது? வெட்டி விழுந்த துண்டுப் பலகைய நனச்சு, மேல மீன வச்சு, சிரட்டைக் கங்குல போட்டு, ஒரு மண்சட்டியக் கவுத்து மூடிருவாங்க. அடியில பலகை புகையும், மேல மீன் வேகும், கருகவே கருகாது. அந்த மாதிரிப் பலகைதான் இவ செஞ்சா. லேசான வேலன்னு நெனச்சிராதீங்க. வள்ளத்து மரம் அயினி, நல்ல மரம், ஆனா மேல எண்ணெயும் குங்கிலியமும் ஊறிக் கெடக்கும், அதுல அப்படியே மீன் சுட்டா தின்னவன் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். அதனால ரெண்டு பக்கமும் ரெண்டு விரக்கடை செதுக்கி எறிஞ்சா, செதுக்கினத நாக்குல வச்சுப் பாத்தா, கசந்தா திரும்பச் செதுக்கினா, ஆணி இருந்த எடம், துரு ஓடின எடம் எல்லாத்தையும் கழிச்சுப் போட்டா, உள்ள இருந்த வைரம் மட்டும் மிஞ்சற வரைக்கும் விடல. இழைச்சு, ஓரத்த மழுக்கி, கடல் தண்ணியில ஊறப்போட்டு, நெழல்ல காயவச்சு, தேங்காண்ண தடவி, மூணு மாசத்துல இருபத்தாறு பலகை செஞ்சா. அவ வீட்ட விட்டா எங்க தெருவுல இருபத்தாறு வீடு. வீட்டுக்கு ஒன்னு குடுத்தா. தனக்குன்னு ஒன்னு வச்சுக்கல, மரம் அவ்வளவுதான் தேறிச்சு.

முதல் நாள் எங்க வீட்டுல நான் ஆறு துண்டு விளமீன் வச்சு மூடினேன். திறந்தா அஞ்சு இருந்துது. என் மருமக ஷெர்லின் பக்கத்துலதான் நின்னா.

"ஏட்டி, வாயத் திற"ன்னேன்.

"அத்தை, கங்குல கெடந்த மீன எடுத்துத் தின்ன நான் என்ன கொள்ளிவாய்ப் பிசாசா?"ன்னு கேட்டா. நியாயமான கேள்விதான், அதுக்காக நான் ஒத்துக்குவனா? அன்னைக்குப் பூரா அவகூடப் பேசல. எதிர்த்த வீட்டுல பூனைய அடிச்சு வெரட்டினாங்க, அதுக்கு அடுத்த வீட்டுல புருஷன் பொண்டாட்டி ஒருத்தர் இலைய ஒருத்தர் எண்ணினாங்க, மூலை வீட்டுல மாமியார் தன் மடியத் தட்டிப் பாத்துட்டாங்கன்னு மருமக பெட்டியக் கட்டிட்டா. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலன்னா யாருக்குத்தான் கோவம் வராது? ஒரு வாரம் தெருவே சந்தக்கடையாக் கெடந்துது. அப்புறந்தான் தண்ணிக் குழாயில நின்னு ஒருத்தி மூக்கச் சிந்த, இன்னொருத்தி "எங்க வீட்டுலயுமா?"ன்னு கேக்க, எண்ணிப் பாத்தா இருபத்தாறு வீட்டுலயும் ஒவ்வொரு துண்டு போயிட்டே இருந்திருக்கு, அதுவும் நல்ல நடுத்துண்டாப் பாத்து.

தொமிங்கு தண்டேல்கிட்டப் போனோம். அவரு சலேத் மாதாவ இருபத்திரெண்டு வருஷமும் ஓட்டினவரு, எங்க ஊரு கமிட்டித் தலைவரும் அவருதான். நாங்க சொன்னதக் கேட்டு மனுசன் எங்களத்தான் விசித்திரமாப் பாத்தாரு.

"வள்ளத்துக்கு ஒரு பங்கு உண்டுல்லா? எந்த மீன் வந்தாலும் வலைக்கு ஒரு பங்கு, வள்ளத்துக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. மரத்துக்குப் பழக்கம் போகுமா? அது அதோட பங்க எடுக்குது. இதுக்குப் போயி ஏன் சட்டிய உடைக்கீங்க?"

அட ஆமான்னு ஆயிப்போச்சு. இவ்வளவு லேசான விஷயத்துக்கா பூனைய அடிச்சோம்னு எங்களுக்கே கூச்சமா இருந்துது. அன்னையில இருந்து வீட்டுல நாலு பேருன்னா அஞ்சு துண்டு அறுத்தோம். அதுலயும் ஒழுங்கு வந்துது. வால் துண்ட வச்சு ஏமாத்தப் பாத்த வீட்டுல பலகை ரெண்டு துண்டு எடுத்துது. தலைய அது தொடல. கெட்டுப்போன மீன வச்சா ஒன்னும் எடுக்காது, அதனால மீன் நல்லதான்னு தெரிய எங்கிட்ட வாங்கினவளுங்க எல்லாம் பலகையக் கேட்டாளுங்க, எனக்கு அது பிடிக்கலதான், ஆனா ஒரு தடவகூட என் மீன அது கழிக்கல. ஒரு வீட்டுல கோழிய வச்சுப் பாத்தாங்க, வச்ச கோழி வச்ச மாதிரியே இருந்துது, அடுத்த மூணு நாளு அந்தப் பலகையில மீனும் வேகல. இது பாவமான்னு சாமியார்கிட்டக் கேட்டோம். அவரு ரெண்டு துண்டு தின்னு பாத்துட்டு, "திருடினாத்தான் பாவம், பங்கு எடுத்தா என்ன பாவம்?"னு சொல்லிட்டு மூணாவது துண்டுக்குக் கை நீட்டினாரு. மத்த பலகைங்க கங்குல கருகிக் கருகித் தேஞ்சு போகும், இது மாசத்துக்கு ஒரு நூல் தடிச்சுது. தின்னா தடிக்கத்தானே செய்யும். எங்க தெருவுக்குப் பொண்ணு குடுக்க வந்தவங்க, "பலகை இருக்கிற வீடா?"ன்னு கேட்டாங்க. நாங்களும் நெஞ்ச நிமித்தி, "இல்லாத வீடு எங்க தெருவுல எது?"ன்னு சொன்னோம்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு ஒரு சொல்லு உண்டே, அது அப்பத்தான் டிபன் கேரியரத் தூக்கிட்டு எங்க தெருவுக்குள்ள வந்துது. கஸ்பார் சம்மாட்டி, சரியா மத்தியானம் பன்னெண்டரைக்கு, முதல் வீட்டு வாசல்ல நின்னு, "வள்ளத்துப் பங்கு குடுங்க"ன்னாரு.

அவரச் சொல்லிக் குத்தமில்ல. வள்ளத்துப் பங்கு வள்ளத்துக்காரனுக்குன்னுதானே ஊரு வழக்கம், மரமா வாயில போட்டுக்கும்? இருபத்திரெண்டு வருஷம் நாங்களே குடுத்துப் பழகினோம், அதனால கேட்டதும் கை தானா நீண்டுது. பலகைக்குன்னு அறுத்த துண்ட அவரு கேரியர்ல வச்சோம். பலகை அதப் பொருட்படுத்தல. அது பாட்டுக்கு இன்னொன்ன எடுத்துது. அஞ்சு துண்டு அறுத்த வீட்டுல ஆறு அறுக்க வேண்டியதாப் போச்சு, நாலு நாளு பொறுத்தோம், அஞ்சாம் நாளு மூலை வீட்டுக்காரி கதவச் சாத்திட்டா. சம்மாட்டிக்கு மொகம் செவந்துது.

"அப்ப பலகையக் குடுங்க. என் வள்ளம் அது. ஞாயித்துக்கெழம பூசைக்கு முந்தி இருபத்தாறும் என் வீட்டுக்கு வந்துரணும். வரலன்னா திங்கக்கெழம உங்க வீட்டு ஆம்பளைங்க என் வள்ளத்துல ஏற வேண்டாம்."

தெரு அடங்கிப் போச்சு. எங்க வீட்டுக்காரரு பலகையக் கழுவித் தொடச்சு வாசல்ல சாத்தி வச்சாரு, எனக்குப் பாக்கச் சகிக்கல. அமலோற்பவம் அந்தப் பக்கமா வந்தவ அதப் பாத்தா. நேரா தொமிங்கு தண்டேல் வீட்டுக்குப் போயி, "கமிட்டியக் கூட்டுங்க, எனக்குப் பேச்சு இருக்கு"ன்னா. எங்க ஊரு கமிட்டியில அதுவரைக்கும் பொம்பளை பேசினதில்ல. பேசக் கூடாதுன்னு சட்டம் இல்ல, அப்படி ஒருத்தி பேசுவான்னு யாருக்கும் தோணல, அதான்.

சனிக்கெழம காலையில மீன் ஏலம் போடுற கொட்டகையில ஊரு கூடிச்சு. முதல்ல சம்மாட்டி பேசினாரு. "விறகுன்னு சொல்லித்தான் குடுத்தேன், இல்லன்னு சொல்லல. எரிச்சிருந்தா நான் கேட்டிருப்பனா? பங்கு எடுக்குதுன்னா அது விறகில்ல, வள்ளம். வள்ளம்னா என் வள்ளம்." அங்க இருந்த ஆம்பளைங்க தலைய ஆட்டினாங்க. எனக்கே அது சரி மாதிரித்தான் பட்டுது.

அமலோற்பவம் எந்திரிச்சா. "வள்ளந்தான். நானும் அதத்தான் சொல்லுதேன். வெளியில இருந்து ஆணி அடிச்சா உள்ள ஒருத்தர் உக்காந்து இரும்ப முட்டுக் குடுத்து முனைய மடக்கணும், இல்லன்னா ஆணி நிக்காது. சலேத் மாதாவுக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆணி. முன்தலை குறுகிப் போற அணியத்து மூலையில, ஆம்பள உடம்பு நுழையாத எடத்துல, எட்டு மாசம் முழங்கால மடக்கி உக்காந்து ஒவ்வொன்னையும் மடக்கினது நான். இந்தக் காது ஒன்னு அதுலதான் மந்தமாச்சு."

"அதுக்கு ஓடாவிக்குக் கூலியும் குடுத்து, வெத்தலபாக்கு வச்சு, பட்டுக்கரை வேட்டியும் எடுத்துக் குடுத்தேனே"ன்னாரு சம்மாட்டி.

"வேட்டிய எங்கப்பா கட்டினாரு. நான் என்னத்தக் கட்டினேன்?"

அவ தொடர்ந்து பேசினா. "கரையில பங்கு வைக்கிறப்ப ஒவ்வொருத்தன் பேரையும் சத்தமாச் சொல்லிக் கூப்பிடுவீங்க. புதுசா ஏறினவன் பேரையும் கூப்பிடுவீங்க. எம் பேர ஒருநாளும் யாரும் கூப்பிட்டதில்ல. அந்த வள்ளத்துல எனக்கு ஒரு பங்கு உண்டு. அத எம் பேரு சொல்லிக் கூப்பிட்டுக் குடுங்க. இல்ல, உனக்கு அதுல ஒன்னுமில்லன்னு இத்தன பேரு முன்னால சொல்லுங்க, பலகைய நானே தூக்கிட்டுப் போயி அவரு வீட்டுல வைக்கேன், இனிமே உளியத் தொட மாட்டேன்."

சொல்லிட்டு உக்காந்துட்டா. தொமிங்கு தண்டேல் மண்ணத் தட்டிட்டு எந்திரிச்சாரு.

"இதுல நாம என்ன சொல்ல? வள்ளமே சொல்லட்டும். ஒரே மீன், எல்லாப் பலகையிலயும் சேத்து வைப்போம். வள்ளம் இவளுக்குப் பங்கு குடுத்தா பலகை இருக்கிற வீட்டுலயே இருக்கும், சம்மாட்டி மூச்சு விடக் கூடாது. குடுக்கலன்னா எல்லாம் அவருக்கு."

"இதுவரைக்கும் அது எடுத்துத்தானே பாத்திருக்கோம். எப்படிக் குடுக்கும்?"னு சம்மாட்டி சிரிச்சாரு.

"வாங்கத் தெரிஞ்ச வள்ளத்துக்குக் குடுக்கத் தெரியாதா?"ன்னாரு தண்டேல்.

இருபத்தாறு பொம்பளைங்களும் பலகையத் தூக்கிட்டுக் கடலுக்குப் போனோம், ஊறப்போட. மிதக்க விட்டதும் அதுங்க தானா நகந்து, முன்னால குறுகி, நடுவுல அகண்டு, ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு நின்னுதுங்க. அலை வந்து மோதியும் ஒன்னுகூட விலகல. அதே வரிசையில எடுத்துட்டு வந்து மணல்ல நீளமாப் பரத்தின சிரட்டைக் கங்கு மேல அமலோற்பவம் அடுக்கினா. அன்னைக்குக் கெடச்சது ஆள் நீளத்துக்கு ஒரு ஊளி மீன். அறுத்தது நான். வீட்டுக்கு ஒன்னா இருபத்தாறு, வள்ளத்துக்கு ஒன்னு, ஆக இருபத்தேழு துண்டு. ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நகக்கண் அளவு வித்தியாசம் இருக்காது, அது என் கத்தி. மசாலா தடவினதும் நான்தான். பலகைக்கு ஒன்னா வச்சு, வள்ளத்துத் துண்ட பின்தலைப் பலகையில சேத்து வச்சு, நனச்ச சாக்கு போட்டு மூடினோம். உச்சி வெயிலு. புகை எந்திரிச்சுது, மீன் வாசனை ஊரச் சுத்திச்சு, மாதா கோயில் மணி அடிச்சு ஓஞ்சுது, யாரும் எடத்த விட்டு அசையல. அமலோற்பவம் கடலப் பாத்து நின்னா, மூடின சாக்க ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல.

திறந்தப்ப சம்மாட்டிதான் முதல்ல எண்ணினாரு. வள்ளத்துத் துண்டு வச்ச எடத்துலயே இருந்துது. "பாத்தியளா, இன்னைக்கு அது ஒன்னும் எடுக்கல, ஒன்னும் குடுக்கவும் இல்ல"ன்னு கையத் தட்டினாரு. இருந்தாலும் அறுத்தவ கண்ணு சும்மா இருக்குமா, நானும் எண்ணினேன். பின்தலையில இருந்து எண்ணிக்கிட்டே முன்தலைக்கு வந்தேன். இருபத்தெட்டு. திரும்ப எண்ணினேன். இருபத்தெட்டு.

அணியத்துப் பலகையில, குறுகிப் போற அந்தக் கடைசி மூலையில, நான் வச்ச துண்டுக்குப் பக்கத்துல இன்னொரு துண்டு ஒடுங்கி உக்காந்திருந்துது. நல்ல நடுத்துண்டு. அதுல கத்தி பட்ட தடம் இல்ல. நாலு பக்கமும் தோலு மூடி, அந்த அளவுலயே பொறந்து வளந்த மாதிரி இருந்துது, மேல மட்டும் என் மசாலா படிஞ்சிருந்துது. "இது நான் அறுத்ததில்ல"ன்னு கத்தினேன். "மாதா மேல சத்தியமா நான் அறுத்ததில்ல!" சம்மாட்டி குனிஞ்சு பாத்தாரு, பெரட்டிப் பாத்தாரு. அவரும் கடல்ல பொறந்து வளந்த மனுசன், அறுத்த மீனுக்கும் அறுக்காத மீனுக்கும் வித்தியாசம் தெரியாதவரு இல்ல. தோள்ல கெடந்த துவாலைய எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டாரு.

தொமிங்கு தண்டேல் அந்தத் துண்ட வாழையிலையில எடுத்தாரு. எழுபது வயசுக்காரரு, தொண்டையச் செருமி, கடல்ல நிக்கிற வள்ளத்துக்கும் கேக்கிற மாதிரி கூப்பிட்டாரு.

"லாசர் மக அமலோற்பவம் பங்கு!"

அவ வந்தா. முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டு, ஆம்பளைங்க நடுவுல வழி விட்ட எடத்துல நிமிர்ந்து நடந்து வந்து, ரெண்டு கையையும் நீட்டி வாங்கினா. எனக்கு அழுகை வந்துது, அழுதேன், அதுல என்ன. பொறவு இருபத்தாறு வீட்டுத் துண்டையும் பேரு சொல்லிக் குடுத்தாங்க, வள்ளத்துத் துண்டு கஸ்பார் சம்மாட்டிக்குப் போச்சு, நாங்க ஒன்னும் பிசினாறிங்க இல்ல. அவரும் வாங்கிக்கிட்டு, "உங்க ஆம்பளைங்கள திங்கக்கெழம வரச் சொல்லுங்க"ன்னு முனங்கினாரு. ஆனா ஒருத்தரும் வாயில வைக்கல. எல்லாரும் அவளப் பாத்துக்கிட்டு நின்னோம்.

எங்க பொம்பளைங்க கையில ஒன்னு கெடச்சா என்ன பண்ணுவோம்? பிள்ளைக்கு ஒரு கிள்ளு, புருஷனுக்குப் பாதி, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு வாய், முள்ளு நமக்கு. அந்தப் பழக்கத்துல நான் ஒருத்தி கைய நீட்டிட்டேன். அமலோற்பவம் என் கையப் பாத்தா.

"மைனி, இது எம் பங்கு"ன்னா.

நின்ன எடத்துலயே தின்னா. தோலத் தின்னா, சதையத் தின்னா, ஒவ்வொரு முள்ளா எடுத்துச் சப்பினா, யாருக்கும் ஒரு துணுக்கு குடுக்கல, அவசரப்படல, ஊரு முழுக்க மீனக் கையில வச்சுக்கிட்டுக் காத்து நின்னுது. கடைசி முள்ள மணல்ல போட்டுட்டு, இலைய மடிச்சுட்டு, எங்கிட்டத் திரும்பினா.

"உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சு மைனி."

என் மசாலாவக் குத்தம் சொல்ல இந்த ஊருல ஒருத்திக்கும் துணிச்சல் வந்ததில்ல, வந்திருந்தா அவ சும்மா வீடு போயிருக்க மாட்டா. "சரி தாயி, அடுத்த தடவ குறைச்சுக்கிறேன்"னேன். பங்குக்காரி சொன்னா கேட்டுக்கத்தானே வேணும்.